பாதி மாத்திரை

ஜூன் 8, வியாழன்

அம்மா என் மாத்திரைகளைத் திருடுகிறாள்.

டாக்டர் நஸ்ரின் தேதி போட்டு எழுதச் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது, மனதில் என்ன செய்கிறது, தினமும் நாலு வரி. நான் எழுதவில்லை. பல் துலக்குவதற்கே யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டியிருக்கிற ஆள் எதை எழுதுவது? இன்றுதான் எழுத ஒன்று கிடைத்தது.

அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தது முப்பது. மே 26 முதல் நேற்று வரை நான் விழுங்கியது பதின்மூன்று. பதினேழு இருக்க வேண்டும். பத்து இருக்கிறது.

அம்மா அறை நடுவில் பனியன் குவியலுக்குள் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பீஸ் கணக்குக்கு வீட்டில் எடுத்துச் செய்யும் வேலை. தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் கத்தரிக்க வேண்டும்.

"மாத்திரை எங்கம்மா?"

"அலமாரில இருக்குது பாரு."

"ஏழு கொறையுது."

"கீழ விழுந்திருக்கும்."

"ஏழுமா?"

"எலி தின்னிருக்கும் போ."

தலையைத் தூக்கவே இல்லை. எலிக்கு அட்டையைப் பிதுக்கத் தெரியுமா என்று கேட்டேன். அடுத்த பனியனை எடுத்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். போன வாரம் அத்தை ஜாதகத்தோடு வந்தபோது அட்டையைப் பார்த்துவிட்டது. "மெண்டல் மாத்திரை திங்கற புள்ளைய எவன் கட்டுவான், துளசி?" அத்தை பேசினால் அம்மா எப்போதும் வாயைத் திறக்க மாட்டாள். இப்போது ஒவ்வொன்றாகக் குப்பையில் போடுகிறாள். மொத்தமாகப் போட்டால் தெரிந்துவிடும் என்று ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுகிறாள் போலிருக்கிறது. திருட்டிலும் ஒரு நிதானம்.

ஜூன் 9, வெள்ளி

காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி. எனக்கு முன்னால் அறுபத்தெட்டுப் பேர், ஒரே டாக்டர். வரிசையில் பாதிப்பேர் பனியன் கம்பெனி ஆட்கள் என்று பார்த்தாலே தெரிகிறது; தலைமுடியில் பஞ்சு. இந்த ஊரில் ஏற்றுமதி எவ்வளவு என்று பேனர் வைக்கிறார்கள். இந்த வரிசையின் நீளத்தையும் ஒரு பேனரில் போடலாம்.

வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றேன். ஒரு நாளைக்கு ஐந்து முறை. டாக்டர் சிரித்தார்.

"செரட்டோனின்னு ஒரு ரசாயனம். மனசுக்கு மருந்துன்னு குடுக்குறோம். ஆனா உடம்புல இருக்கறதுல பெரும்பங்கு குடல்லதான் இருக்கு. அதான் வயிறு முதல்ல கத்துது."

எட்டு நிமிடம் கிடைத்தது. அந்த எட்டு நிமிடத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். மூளையில் ஒரு செல்லும் அடுத்த செல்லும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நடுவில் ஒரு சந்து. ஒரு செல் அந்தச் சந்தில் செரட்டோனினை விடுகிறது. எதிரே இருக்கும் செல் அதைத் தொட்டுச் செய்தியை வாங்கிக்கொள்கிறது. பிறகு விட்ட செல்லே மிச்சத்தை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்கிறது. மாத்திரை அந்த உறிஞ்சும் வாயை அடைக்கிறது. ரசாயனம் சந்தில் கூடுதல் நேரம் நிற்கிறது.

"சாயத் தொட்டி மாதிரிங்களா மேடம்? துணி சாயத்த இழுக்காம நிறுத்துனா, தொட்டித் தண்ணியிலயே கலர் நிக்கும்."

"நீ டையிங்ல இருக்கியா?"

"லேப்ல. கலர் ஷேடு சரியான்னு பாக்கறது."

"அப்போ உனக்குப் புரியும்."

"அப்படின்னா முழுங்குன அன்னைக்கே சரியாகணுமே மேடம்."

"ஆகாது. ரசாயனம் சில மணி நேரத்துல ஏறிடும். மனசு ஏற நாலு வாரம், ஆறு வாரம். நடுவுல மூளை தன்னை என்னவோ மாத்திக்குது. புதுசு புதுசா இணைப்பு முளைக்குதுன்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியாது."

எங்கள் கம்பெனியில் ஒருவர்கூட இதுவரை தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. எம்.டி. முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் எல்லாம் தெரியும். மருந்தை எழுதிக் கொடுக்கிற ஆள் பேனாவை வைத்துவிட்டுத் தெரியாது என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியே அறுபது பேர் இருமிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தலைக்குள்ளும் கோடிக்கணக்கான சந்துகள்.

மருந்தை மாற்றிக் கொடுத்தார். வேறு பெயர், வேலை அதே வேலை. வயிற்றை இவ்வளவு படுத்தாதாம். கை நடுங்கலாம், வியர்க்கலாம், கொட்டாவி வரலாம், ஆசை குறையலாம் என்றார். என்ன ஆசை என்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகாத ஒருத்தியிடம் அதை நேராகச் சொன்ன முதல் ஆள் அவர். "உன் வயசுக்காரங்களுக்கு ஆரம்பத்துல சில பேருக்கு மனசு இன்னும் கெடும். வாழ வேண்டாம்னு தோணுச்சுன்னா உன் முறை வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே. அன்னைக்கே வா." அப்புறம், "உன் இஷ்டத்துக்கு நிறுத்திடாதே. திடீர்னு நிறுத்துனா தலை சுத்தும். எரிஞ்சு விழுவே. தலைக்குள்ள கரண்ட் அடிக்கற மாதிரி இருக்கும்."

அம்மா திருடுவதைச் சொன்னேன். "ஒரு தடவை அவங்களையும் கூட்டிட்டு வாயேன்" என்றார். அவள் வர மாட்டாள்.

புது மாத்திரையை லேபில் என் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். பழைய அட்டையில் நேற்று நான் போட்டதுபோக ஒன்பது மிச்சம். அதை வீட்டு அலமாரியில் அதே இடத்தில் வைத்தேன். திருடட்டும். திருடிக் குப்பையில் போட்டு நிம்மதியாக இருக்கட்டும்.

ஜூன் 11, ஞாயிறு

தூங்கினேன்.

ஜூன் 13, செவ்வாய்

ஈஸ்வரமூர்த்தி சார் கூப்பிட்டார். லேப் இன்சார்ஜ். போன மாதம் நான் பாஸ் செய்த இரண்டு லாட் துணி திரும்பி வந்துவிட்டது. ஒன்றில் நீலம் கூடுதல், இன்னொன்று மங்கல். எனக்கு இரண்டும் சரியாகத்தான் தெரிந்தன. சரியாக என்று சொல்வது பொய். எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. ஆறு மாதமாக எனக்கு உலகமே பலமுறை துவைத்த துணியாகத்தான் இருக்கிறது.

"கோகிலா, மாசக் கடைசில கிரே லாட் வருது. ஏழு சாம்பிள். அதுலயும் தப்புச்சுன்னா உன்னைக் கலர் பாக்கற லைட் பாக்ஸ்ல இருந்து எடுத்துருவேன். சாயப் பவுடர் எடை போடப் போயிரு. சொல்லீட்டேன்."

பவுடர் எடை போடும் இடத்தில் முகமூடி கேட்டால் கைக்குட்டை கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். நான்கு வருடம் அங்கே இருந்த சுகந்தி இப்போது மாடிப்படி ஏறுவதில்லை.

பன்னிரண்டு மணி நேரம் குழல் விளக்கின் கீழ் நிற்க வைத்துவிட்டு என் கண் சரியில்லை என்கிறார்கள்.

ஜூன் 14, புதன்

கை நடுங்குகிறது. பிப்பெட்டில் சாயத்தை உறிஞ்சி எடுக்கும்போது கோடு தாண்டிப் போகிறது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன், காலையில் தாடை வலி. கனவுகள் பெரிதாக, சத்தமாக வருகின்றன. கொட்டாவி, ஆனால் தூக்கம் இல்லை.

அம்மாவுக்கும் சரியில்லை. நேற்று ஒரு பனியனில் ஓட்டை போட்டுவிட்டாள். இருபது வருடமாகப் பிசிறு வெட்டுகிறவள், கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாள். "கை ஒதறுது" என்றாள். வயிறு வேறு அவளுக்கு இரண்டு வாரமாகச் சரியில்லை. மோர் குடித்துக்கொண்டே இருக்கிறாள். வெயில்.

ஜூன் 17, சனி

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணின் கருமணி விரிந்து கிடக்கிறது. வெளிச்சம் அதிகமாக உள்ளே போகிறது. இதுவும் மாத்திரையின் வேலைதான் என்று மாத்திரையோடு கொடுத்த காகிதத்தில் போட்டிருக்கிறது. குடல், கை, பல், கண், எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, மனதை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறது.

லேபில் சாம்பிள் போடும்போது இதை நினைத்துக்கொண்டேன். சாயத்தூள், உப்பு, சோடாத்தூள், அறுபது டிகிரி, ஒரு மணி நேரம். அவசரப்பட்டுச் சோடாவை முதலிலேயே கொட்டினால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். நூலுக்குள் சாயம் இறங்கும் வேகத்தை எந்த முதலாளியும் திட்டி மாற்ற முடியாது. என் தலைக்குள்ளும் ஏதோ ஒன்று அதன் வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால், இந்தக் கம்பெனியில் யாருடைய அதிகாரத்துக்கும் உட்படாத ஒரே வேலை அதுதான்.

வீட்டு அட்டையில் ஐந்து இருக்கிறது. எட்டு நாளில் நாலு போயிருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒன்று, கடிகாரம் மாதிரி. குப்பையில் போடுவதற்கு எதற்கு இவ்வளவு ஒழுங்கு?

ஜூன் 20, செவ்வாய்

வீடு திரும்பியபோது அம்மா ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடத்தில் அந்த ஜன்னலை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை.

"என்னம்மா?"

"தூசியாக் கெடந்துச்சு."

"ஒம்போது வருசமாவா?"

"இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு போ."

ஜூன் 22, வியாழன்

காலையில் கம்பெனி கேட்டுக்கு முன்னால் டீ குடித்தேன். இஞ்சி மணத்தது. இதில் என்ன இருக்கிறது என்று படிக்கிறவருக்குத் தோன்றும். ஆறு மாதமாக அதே கடை, அதே டீ. இன்றுதான் கடைக்காரர் இஞ்சி போடுகிறார் என்று தெரிந்தது. "இஞ்சி எப்ப இருந்து போடறீங்கண்ணா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கடை தொறந்த நாள்ல இருந்துங் அம்மிணி."

டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷிப்ட் பெல் அடித்துவிட்டது. நான் நின்றேன்.

ஜூன் 25, ஞாயிறு

அத்தை மறுபடி வந்தது. பல்லடத்து மாப்பிள்ளை. மாத்திரை விஷயம் வெளியே தெரியக் கூடாது, கல்யாணம் முடிகிற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல் என்றது.

அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"என்ர புள்ள மாத்திரை திங்கறா. ஆஸ்பத்திரில குடுத்த மாத்திரை. மாப்பிள்ளை வீட்டுல நீங்களே சொல்லிப்போடுங்க. வேண்டாம்னா போகட்டும்."

அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்பனில்லாத புள்ளையாச்சேன்னு பாத்தா, உனக்குத் திமிரு எறங்கவே இல்ல துளசி. இவளப் பெத்துப் போட்டுட்டு மூணு மாசம் தூக்காமச் செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தவதானே நீ. நாந்தான் சங்குல பால் ஊத்துனேன்."

இந்தக் கதையை அத்தை எல்லாத் தீபாவளிக்கும் சொல்லும். அம்மாவின் திமிருக்கு அதுதான் முதல் சாட்சி. சோம்பேறி, சிடுமூஞ்சி, யாரோடும் ஒட்டாதவள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு சேர்ந்தவை. நானும் சிலதைச் சேர்த்திருக்கிறேன்.

அம்மா மறுபடியும் கத்தரியை எடுத்தாள். அத்தைக்கு மோர் கொடுக்கச் சொன்னாள்.

என்ன ஆயிற்று இவளுக்கு என்று யோசித்தேன். எனக்குத் தெளிந்து வருவதால் அவளும் தெளிவாகத் தெரிகிறாள் போலிருக்கிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது. மாத்திரையைக் குப்பையில் போடுகிறவள் எதற்கு அதற்காகச் சண்டை போடுகிறாள்?

ஜூன் 28, புதன்

கிரே லாட் வந்தது.

லைட் பாக்ஸ் என்பது ஒரு ஆள் குனிந்து பார்க்கிற அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே சாம்பல் பெயின்ட். ஒரு சுவிட்சுக்குப் பகல் வெளிச்சம், ஒன்றுக்குக் கடை வெளிச்சம், ஒன்றுக்கு வீட்டு பல்பு. வாங்குகிறவர் அனுப்பிய மாதிரித் துண்டுக்குப் பக்கத்தில் ஏழு துண்டுகளை வரிசையாக வைத்துக் குனிந்தேன்.

முதலில் ஏழும் சாம்பல்தான். போயிற்று, பவுடர் ரூம்தான் என்று நினைத்தேன். பிறகு, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, மூன்றாவது துண்டு மெதுவாகச் சிவந்தது. சிவப்பு என்று சொல்ல முடியாத சிவப்பு, வெட்கப்படுகிற மாதிரி. ஐந்தாவதில் பாசியின் பச்சை. ஆறாவது சாம்பலுக்கு அடியில் ஊதா படுத்திருந்தது. ஒரு சாம்பலுக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள். அவர்கள் எங்கும் போகவில்லை. ஆறு மாதமும் அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள். நான்தான் இல்லை.

ஒரு குண்டூசித் தலையளவு மாத்திரைத் தூள். எந்தச் சந்தில் எந்த வாயை அடைத்து, எங்கே எதை முளைக்க வைத்து, இந்தச் சிவப்பை எனக்குத் திருப்பிக் கொடுத்தது?

"நாலாவது பாஸ், சார். மத்ததெல்லாம் வேண்டாம். ஆறாவது கடை வெளிச்சத்துல ஊதாவாத் தெரியும்."

"கலர் அளக்கற மிஷின் ஆறாவதையும் பாஸ்னு சொல்லுது."

"மிஷினக் கடைல கொண்டுபோய் நிறுத்திப் பாருங்க."

அவர் சுவிட்சைத் தட்டினார். குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். "ஊதாதான்" என்றார். "கண்ணு வந்துருச்சாட்ட இருக்குது?"

"கண்ணு எப்பவும் இருந்துச்சு சார்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். "நொய் நொய்ன்னு பேசாதே, போ அக்கட்ட" என்று எரிந்து விழுந்தாள். ஜன்னல் சாத்திக் கிடந்தது.

ஜூன் 30, வெள்ளி

அம்மா எழுந்து நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். தலை சுற்றுகிறதாம். அலமாரியில் அட்டை காலி.

ஜூலை 2, ஞாயிறு

காலையில் அவளுக்குக் காபி கொடுத்தேன். டம்ளரை வாங்கத் தலையைத் திருப்பியவள் கண்ணை இறுக்கி மூடினாள்.

"என்னம்மா பண்ணுது?"

"தெரீல கண்ணு. தலைய இப்படித் திருப்புனா உள்ள சுரீர்னு கரண்ட் அடிக்குது."

நான் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தேன். அவள் மடியில் கிடந்த கத்தரியை எடுத்தேன். இரண்டு கத்திகளும் சேரும் இடத்தில், ஆணிக்குப் பக்கத்தில், பஞ்சோடு வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. விரலால் எடுத்து நாக்கில் வைத்தேன். அந்தக் கசப்பை எனக்குத் தெரியும். பதினான்கு நாள் தின்ற கசப்பு.

பாதிப் பாதியாக வெட்டியிருக்கிறாள்.

"நீ குப்பையில போடலையா?"

"நான் எப்பக் குப்பையில போட்டேன்னு சொன்னேன்?"

அவள் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். டாக்டரிடம் சொன்னேன், இந்த நோட்டிலும் எழுதினேன்.

"எதுக்கும்மா?"

பனியனைத் தடவினாள். "ஆஸ்பத்திரில இருந்து வந்து பையை வெச்சுட்டு நீ ஷிப்டுக்குப் போயிட்டே. மனசுக்கு மாத்திரைங்கறே. தின்னா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? நீதான சொல்லுவே, சாம்பிள் பாக்காம லாட்டுல எறக்கக் கூடாதுன்னு. அன்னைக்கு மத்தியானமே பாதி வெட்டித் தின்னு பாத்தேன்."

"ஒரு நாள் தின்னே, சரி. ஒரு மாசமா எதுக்குத் தின்னே?"

"ஒரு தடவை துவைச்சா சாயம் நிக்குமா போகுமான்னு தெரியுமா? நீங்க எத்தன தடவை துவைச்சுப் பாப்பீங்க?"

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"வயிறு போச்சு, கை ஒதறுச்சு. அப்பவே நிறுத்தியிருக்கலாமே?"

"நிறுத்தலாம்னுதான் பாத்தேன்." கையை விரித்துப் பார்த்தாள். "பொறவு ஒரு நாள் காலைல எந்திரிச்சேன்."

"எந்திரிச்சு?"

"அவ்வளவுதான். சும்மா எந்திரிச்சேன். எந்திரிக்கறதுக்கு முன்னால எந்திரிக்கணுமேன்னு இல்லாம எந்திரிச்சேன். எல்லாரும் இப்படித்தான் எந்திரிக்கறாங்களா கண்ணு?"

எனக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை. மாத்திரை அழுகையையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. டாக்டருக்காகக் குறித்து வைக்கிறேன்: ஜூலை 2, அழுகை வரவில்லை.

ஜூலை 3, திங்கள்

வெள்ளிக்கிழமை வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். லீவு கேட்டால் ஈஸ்வரமூர்த்தி சார் என்ன சொல்வார் என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. அம்மா வரமாட்டேன் என்று அடம் பிடிக்கவும் இல்லை. அவளுக்கும் ஒரு சீட்டு போட்டேன். துளசிமணி, வயது நாற்பத்தேழு.

டாக்டர் நஸ்ரின் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். சில பக்கங்களில் நின்றார், ஜூன் 25-ஐ இரண்டு முறை படித்தார். பிறகு அம்மாவைத் திட்டினார். அடுத்தவர் மாத்திரையைத் தின்னக் கூடாது, இதயத்துக்கு, ரத்த அழுத்தத்துக்கு எதற்கும் ஆகாமல் போயிருக்கலாம், அப்படியே நிறுத்தியது அதைவிடத் தப்பு. அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நல்லவேளையாக ரத்த அழுத்தம் சரியாக இருந்தது.

டாக்டர் அம்மாவின் சீட்டில் எழுத ஆரம்பித்தார். தூக்கம், பசி, சோர்வு. ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், ரேஷன் கடையில் சொல்வதுபோல. இத்தனை நாள் ஒரே அறையில் படுத்திருந்தும் அதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

"எவ்வளவு நாளா இப்படி இருந்துச்சும்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

டாக்டரும் என்னைப் பார்த்தார். மேசை ஓரத்தில் கிடந்த என் சீட்டைப் பார்த்தார். கோகிலவாணி, வயது இருபத்து நான்கு. பேனா அம்மாவின் சீட்டில் 'எவ்வளவு நாளாக' என்ற கட்டத்துக்கு மேலேயே நின்றது. ஒன்றும் எழுதவில்லை.

வெளியே வரிசை முனகியது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

அம்மா என் கையைப் பிடித்து அருகில் இழுத்தாள். என் சுடிதார் கை ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை விரலில் சுற்றி, துணியை இழுக்காமல், பக்குவமாக அறுத்தாள். அடுத்த நூலைத் தேடினாள்.

"என்ர மூஞ்சியப் பாத்துச் சொல்லும்மா" என்றேன். "எத்தன வருசமா?"